விழ விடாமல் பார்த்துக்கொள்வது

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும். திண்டுக்கல்–பழனி சாலையில் ரெட்டியார்சத்திரம் தாண்டி, ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பாதயாத்திரைக் கூட்டம் விடாமல் போய்க்கொண்டிருந்தது. திண்ணையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்தவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. போகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் என்னிடம் பெருமையோடு சொன்னார்: "ஏழு மாசத்துல ஒரு தடவகூட அப்பாவக் கீழ விழ விடல சார்."

அந்த மகன் மீது எனக்குத் துளியும் குறை இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டி, மலம் அள்ளி, தன் பிழைப்பைப் பாதியாக்கிக்கொண்டு பார்த்தவர். அவரை அப்படிப் பேசவைத்த நம்பிக்கையைத்தான் மறுக்க வந்திருக்கிறேன். விழ விடாமல் பார்த்துக்கொள்வதுதான் கவனிப்பு என்று சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், சில சமயம் மருத்துவர்கள், நாங்கள் பிசியோதெரபிஸ்டுகளும் எல்லோருமாகச் சேர்ந்து அவரை நம்பவைத்திருக்கிறோம். நோய் தொட்டது பெரியவரின் இடது காலை. தொடாத வலது காலின் தொடையும் வேட்டிக்குள் சூம்பிக் கிடந்ததே, அது எந்த நோயால்?

பதினேழு வருஷமாகத் திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகப் போய் நரம்பு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாகல்நகர், பேகம்பூர், சின்னாளபட்டி, வேடசந்தூர்ப் பக்கத்து மில் குடியிருப்புகள், நிலக்கோட்டைப் பூக்காட்டு ஊர்கள். எங்கே போனாலும் இதே பேச்சுதான். "எழுப்பாதீங்க, விழுந்தா இடுப்பு ஒடிஞ்சிரும்." "ஒடம்பு சத்தெல்லாம் எறங்கிப்போச்சு, ரெஸ்ட் எடுத்தா ஏறிக்கிரும்." "கரண்ட் வச்சு விடுங்க, போதும்." "ஆறு மாசம் தாண்டிருச்சு, இனி வந்தவரைக்கும்தான்." கால் என்பது பொத்திவைக்க வேண்டிய பொருள், வலு என்பது வெளியிலிருந்து யாராவது ஏற்றிவிட வேண்டிய சரக்கு என்ற ஒரே எண்ணம்தான் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

விழுவது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்த எத்தனையோ பேரை, அதிலிருந்து மீளாமலே போனவர்களை, பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்கு மருந்தாக நாம் கொடுப்பது நாற்காலியையும் கட்டிலையும். 2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சராசரி 67 வயதுள்ள, நோய் நொடி இல்லாத 12 பேரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. பத்து நாள் கழித்து அளந்தால், கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. முழங்காலை நீட்டும் வலுவில் ஆறில் ஒரு பங்கு போயிருந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், அதுவும் பத்தே நாள். நம் பெரியவருக்கு ஏழு மாதம். போதாததற்கு, பாரம் தாங்காத பக்கத்து எலும்பும் சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிந்துகொண்டே வரும். எத்தனை பேர் காவல் இருந்தாலும், ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்ப மனமில்லாமல் ஒன்றுக்குப் போக அவராகவே எழுந்திருப்பார். அன்றைக்கு ஒடிவதற்கென்றே அந்த எலும்பை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நிலை தவறாமல் நிற்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பாதம் தரையை உணர்கிறது, கண் சுவரையும் வாசலையும் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் உறுப்பு தலை சாய்வதைச் சொல்கிறது. மூன்று சேதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, உடம்பு சரிவதற்குள் மூளை கணுக்காலையும் இடுப்பையும் திருத்துகிறது. நரம்பு நோய் இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. திரும்பக் கற்க ஒரே இடம்தான் உண்டு: லேசாகச் சரிந்து, சுதாரித்து நிற்கிற அந்த விளிம்பு. உட்கார்ந்த இடத்தில் அந்தப் பாடம் கிடையாது. 2012இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு நாள், 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மெதுவாக எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, சாயக்கூடிய எல்லைவரை சாய்ந்து மீள்கிற தாய்ச்சிப் பயிற்சி செய்தவர்கள், கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். சரிவைப் பழகியவர்களுக்குத்தான் விழுவது குறைந்தது.

அந்த வீட்டில் முதல் நாள் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நான் செய்த முதல் வேலை, பிளாஸ்டிக் நாற்காலியை அப்புறப்படுத்தியது. அது வளையும், சறுக்கும். கனமான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு முட்டப் போட்டு, அதன் மேல் மூன்று பலகைகளை அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். உட்காரும் இடம் உயர்ந்தால் எழுவது எளிது. வலு கூடக்கூட ஒவ்வொரு பலகையாகக் கழற்ற வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து வைத்தேன். நல்ல காலை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். இல்லாவிட்டால் நல்ல காலே முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். இடது கால் சும்மா கூட வரும். "மூக்கு கால் பெருவிரலுக்கு மேல வர்ற வரைக்கும் குனிங்கய்யா, அப்புறம் எந்திரிங்க" என்றேன். மகன் வழக்கம்போலக் கையைப் பிடித்துத் தூக்க வந்தார். கூடாது, தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி, நோய்பட்ட பக்கமாக நின்று அந்தத் துண்டைத்தான் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

மூன்று முறை எழுந்தார். நாலாவது முறை பாதியிலேயே தொடை வெடவெடவென்று நடுங்கியது. மகன் பதறிப்போய், "போதும் சார், நடுங்குது" என்றார். உட்காரவைத்துவிட்டுப் பெரியவரிடமே கேட்டேன்: "மொதமொதல்ல மூட்டை தூக்குனப்ப கால் நடுங்கலையா ஐயா?"

"ஒரு மாசம் நடுங்குச்சு தம்பி" என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சிறு மூட்டையில் தொடங்கிப் பெரிய மூட்டைக்குப் போவது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நரம்பு நோய் வந்த காலுக்கும் அதே விதிதான். பாரம் கொடுக்க வேண்டும், களைக்கும்வரை கொடுக்க வேண்டும், தாங்கத் தாங்கக் கூட்ட வேண்டும். எந்த உழைப்பாளிக் குடும்பமும் தன் தொழிலில் மறக்காத இந்த அறிவை, வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்ததும் ஏன் கைவிட்டுவிடுகிறது என்று எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

இதற்கு எங்கள் தொழிலும் பொறுப்பு. கால் வலுப்படப் பயிற்சி கொடுத்தால் தசை இறுக்கம் கூடிவிடும் என்று எங்களுக்கே ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். லண்டனில் போபத் தம்பதியினர் உருவாக்கிய முறையிலிருந்து பரவிய எண்ணம் அது. ஆஸ்திரேலியாவின் லூயிஸ் அடாவும் உடன் பணியாற்றியவர்களும் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, வலுப்பயிற்சியால் வலு கூடுகிறது, இறுக்கம் கூடுவதில்லை என்று 2006இலேயே எழுதிவிட்டார்கள். இன்னும் அந்தப் பழைய பாடத்தைச் சொல்லிப் பாரம் கொடுக்க அஞ்சுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

"கரண்ட்" வைக்கிற பழக்கமும் எங்களால்தான் வந்தது. மின்தூண்டல் கருவி வீண் என்று சொல்லவில்லை. பாதம் தொங்குகிறவர்களுக்கு, நடக்கும்போதே பயன்படுத்தினால் அது உதவும்; நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நோயாளியைப் படுக்கவைத்து, காலில் பட்டைகளை ஒட்டி, இருபது நிமிஷம் துடிக்கவிட்டு, கழற்றிக்கொண்டு போவதற்குப் பெயர் சிகிச்சை என்று ஊரே நம்புகிறது. பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்ப்பதற்கும் அதற்கும் ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை: இரண்டிலும் நோயாளி சும்மா படுத்திருக்கிறார். காலை அசைக்க வேண்டிய கட்டளை அவர் மூளையிலிருந்து புறப்பட வேண்டும், நூறு முறை, ஆயிரம் முறை. அந்த வேலையை அவருக்குப் பதிலாக மெஷினும் செய்ய முடியாது, நானும் செய்ய முடியாது.

அடுத்தது ஆறு மாதக் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதை நீட்டி, ஆறு மாதத்துக்குப் பின் கதவு சாத்திவிடும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அதை நம்பிப் பயிற்சியை நிறுத்தியவர்களைக் கணக்கெடுத்தால் மனசு கனக்கும். அமெரிக்காவில் பமீலா டங்கன் தலைமையில் பக்கவாதம் வந்த 408 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு உடம்பைக் கயிற்றில் தாங்கிப் பிடிக்கும் டிரெட்மில் பயிற்சியை இரண்டாம் மாதமே தொடங்கினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சியை ஆறாவது மாதத்தில்தான் தொடங்கினார்கள். மூன்றாவது குழுவுக்கு மெஷினே கிடையாது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போய்க் கால்வலுவுக்கும் நிலைப்புக்கும் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார். ஒரு வருஷ முடிவில் மொத்தத்தில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு படி உயர்ந்திருந்தது. மூன்று குழுவுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. ஆறாம் மாதம் தொடங்கியவர்கள் பின்தங்கவில்லை. விலை உயர்ந்த மெஷின், வீட்டுக் கூடத்தில் செய்த பயிற்சியை மிஞ்சவும் இல்லை. கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் ரோபோ மெஷின் தேடி நிலத்தை விற்றுப் போகிறவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தேவை ஒரு நாற்காலி, ஜன்னல் கம்பி, ஏறி இறங்க ஒரு மணைப்பலகை, கூட நிற்கத் தெரிந்த ஒருவர்.

படித்தவர்கள் ஒரு எதிர்வாதம் வைப்பார்கள். "சீக்கிரம் எழுப்பினால் கெடுதல் என்று ஆய்வே வந்திருக்கிறதே?" வந்திருக்கிறது. 2015இல் லான்செட் இதழில், 5 நாடுகளில் 2104 பேரிடம் நடத்தியது. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் அதிக அளவில் எழுப்பி நடக்கவைத்தவர்களின் நிலை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகத்தான் தேறியது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். முதல் நாளில் நோயாளியை விரட்டக் கூடாது. ஆனால் அதில் "வழக்கமான கவனிப்பு" என்ன என்று பார்த்தீர்களா? அந்தக் குழுவிலும் பாதிப் பேர் ஏறத்தாழ 22 மணி நேரத்துக்குள் படுக்கையை விட்டு எழுந்துவிட்டார்கள். முதல் நாளைப் பற்றிச் சொன்னதை எடுத்து வந்து ஏழாம் மாதத்துக்குப் போர்த்திவிடுவது எந்த ஊர் நியாயம்?

திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினொன்றில் இதுவும் ஒன்று. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் நாம். முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம் என்பது இன்று ஆட்டோக்காரருக்கும் தெரியும். இதெல்லாம் பெரிய மாற்றம். ஆனால் டிஸ்சார்ஜ் தாள்களைப் பாருங்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மாத்திரைக்குப் பெயர், அளவு, காலை–மதியம்–ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா எல்லாம் கட்டம் போட்டு இருக்கும். கடைசியில் ஒரு வரி: "பிசியோதெரபி தொடரவும்." என்ன பயிற்சி? ஒரு நாளைக்கு எத்தனை முறை? எத்தனை மாதம்? எப்போது கூட்டுவது? ஒன்றும் இருக்காது. மாத்திரையை இப்படி "ஏதாவது ஒன்று கொடுத்துக்கொண்டிருக்கவும்" என்று எழுதினால் நாம் விடுவோமா? அந்த மகன் அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். ஏழு மாத நாற்காலிக்கு அந்த ஒற்றை வரியும் காரணம்.

அப்படியானால் குடும்பத்துக்கே சொல்லிக் கொடுத்துவிடலாமே என்று இன்னொரு பக்கமிருந்து சொல்கிறார்கள். இது பணம் இல்லாத நாட்டுக்கு ஏற்ற வழியாகத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இந்தியாவிலேயே இதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. 2014 முதல் 2016 வரை 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைச் சேர்த்தார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பேராசிரியர் ஜெயராஜ் துரை பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். பாதிப் பேருக்கு, மருத்துவமனையிலேயே தொடங்கி வீட்டில் இரண்டு மாதம்வரை, குடும்பத்தாரைப் பழக்கிப் பயிற்சி கொடுக்கச் செய்தார்கள். ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்கிறவர்களும் இந்தக் குழுவில் 47 சதவீதம். அந்தப் பழக்கம் இல்லாத குழுவிலும் 47 சதவீதம். பயிற்சியால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். எப்போது பலகையைக் கழற்றுவது, எந்த நடுக்கம் நல்லது, எதில் நிறுத்த வேண்டும் என்று கண்டு சொல்லும் கண் கூட இல்லாமல், வயல் வேலையையும் மில் ஷிப்டையும் முடித்துவிட்டு வரும் மகன் தலையிலும் மருமகள் தலையிலும் முழுப் பாரத்தையும் இறக்கிவைத்தால் எதுவும் நகராது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அப்படிக் கண்டு சொல்லும் கண் வீடு தேடி வருவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தொடக்கம் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கால் வலுவை வருகைக் கணக்கில் அளக்க முடியாது. எப்போதாவது வந்து, காலை நாலு முறை மடக்கி நீட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் அது பயிற்சி ஆகாது. இந்த வாரம் எத்தனை முறை எழுந்தார், எத்தனை எட்டு வைத்தார், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆனது என்பதுதான் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்குக் கருவி வேண்டாம், கைக்கடிகாரம் போதும். இதை எழுதுவதால் எனக்கு வருமானம் கூடும் என்று யாராவது நினைத்தால், ஒன்று சொல்லிவிடுகிறேன்: அரசு இதை ஒழுங்காகச் செய்தால் என்னைப் போன்றவர்களுக்கு வீட்டு வருகை பாதியாகிவிடும். ஆகட்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அப்பாவுக்கு வந்தால் ஆள் வைத்தாவது நடக்கவைக்கிற வீட்டில், அம்மாவுக்கு வந்தால் "இனி அவங்க எங்க போகப்போறாங்க, உக்காந்த எடத்துல சோறு குடுத்திருவோம்" என்பார்கள். பாசத்தோடுதான் சொல்வார்கள். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக் குடும்பத்தைக் காத்த ஒரு அம்மா, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். ஏனென்று கேட்டால், மருமகள் வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்குத்தான் வரும், அதுவரை கக்கூஸுக்குப் போக முடியாது என்றார். அவருக்கு நான் வைத்த குறி மெயின் ரோடு அல்ல. பதினொரு எட்டுத் தொலைவில் இருந்த கக்கூஸ், அதன் வாசல்படி, உள்ளே பிடித்து எழ ஒரு கம்பி. இரண்டரை மாதம் ஆயிற்று. சாயங்காலம் நான் போனபோது சொம்பு நிறையத் தண்ணீரை எனக்கு முன்னாலேயே குடித்துக் காட்டினார்.

எல்லோரும் நடந்துவிடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. முதுகுத்தண்டு அறுந்தவர்கள், மூளையில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டவர்கள் நடக்காமல் போகலாம். வேலூரில் மேரி வர்கீஸ் நடக்கவில்லை. 1954இல் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த அந்த டாக்டர், சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பழகி, அங்கிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அவர் முயற்சியால் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. உட்காரும் நிலைப்பும் உழைத்துப் பெற வேண்டியதுதான். இந்தப் பாடம் நமக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை.

ரெட்டியார்சத்திரம் பெரியவர் பதினோராவது வாரத்தில் விழுந்தார். நான் இல்லாத நேரம். கொல்லைப்பக்கம் போகும்போது வேட்டி தடுக்கிப் பக்கவாட்டில் சரிந்துவிட்டார். போன் வந்தது. மகனின் குரல் உடைந்திருந்தது. எங்கே அடி, இடுப்பை அசைக்க முடிகிறதா, தலை தரையில் மோதியதா என்று வரிசையாகக் கேட்டேன். எதுவும் இல்லை. "எப்படித் தூக்கினீங்க?" என்றேன்.

"நான் ஓடி வர்றதுக்குள்ள அவரே எந்திரிச்சிட்டாரு சார். நீங்க சொல்லிக் குடுத்தீங்கள்ல, ஒருக்களிச்சு, முட்டி போட்டு, ஜன்னல் கம்பியப் பிடிச்சு... அப்படியே."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். பயிற்சியை நிறுத்திவிடச் சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். பெரியவர் முழங்கையில் மஞ்சள் பற்றோடு மர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்திருந்தார். வலது கால் கொஞ்சம் முன்னால். நாற்காலியில் மிச்சம் இருந்த கடைசிப் பலகையைக் காணோம். அதை மகன் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.